“ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” – வேலைத்தளமும் நமது உடல்நலமும்



“லீவுல ஊருக்குப் போறப்ப பாத்துக்கிறேன், டாக்டர்.”

வளைகுடா நாடுகளில் மருத்துவம் செய்யும் எவரும் நாள்தோறும் கேட்கும் வசனம் இது. பல்வலி என்றாலும் இதே பதில், நெஞ்சில் பாரம் என்றாலும் இதே பதில். இந்த ஒரு வசனத்தால் நம்மவர்கள் இழந்தவற்றைப் பற்றியும், அதை வேலைத்தளத்திலேயே எப்படித் தடுக்கலாம் என்பதைப் பற்றியும் இந்த இதழில் பேசுவோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கோடைகாலத்தில், ஏசி பழுதுபார்க்கும் வேலையில் இருந்த ஒரு தம்பி எம்மிடம் வந்தார். இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. “சேஃப்டி ஷூ கடிச்சிருச்சு டாக்டர், ஒரு ஆயின்மென்ட் எழுதிக் குடுங்க, போதும்” என்றார். சப்பாத்தைக் கழற்றச் சொல்லிப் பார்த்தோம். கால் விரல் கறுத்திருந்தது. வலி இல்லை என்றார். வலிக்காததுதான் எமக்குப் பயத்தைத் தந்தது. இரத்தத்தில் சர்க்கரை 380.

“தம்பி, கடைசியாக எப்போது சீனி பார்த்தீர்கள்?”

“போன தடவ ஊருக்குப் போனப்ப பாத்தது டாக்டர், மூணு வருஷம் ஆச்சு. கொஞ்சம் இருக்குன்னாங்க. டிசம்பர்ல தங்கச்சி கல்யாணம், அப்பப் போய்ப் பாத்துக்கலாம்னு இருந்தேன்.”

இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. தங்கையின் கல்யாணத்துக்குப் போனார், ஊன்றுகோலுடன். மாதம் ஒரு முறை விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் நடந்திருக்காத காரியம். அவர் வேலை செய்த இடத்தில் முதலுதவிப் பெட்டி இருந்தது. அதற்குள் பஞ்சும் பிளாஸ்டரும் மட்டுமே இருந்தன.

ஏன் தள்ளிப் போடுகிறோம்?

நம்மவர்கள் அறியாமையால் மட்டும் தள்ளிப்போடுவதில்லை. ஒரு நாள் டூட்டி போனால் சம்பளம் வெட்டுவார்கள் என்ற பயம். நோய் இருப்பது தெரிந்தால் விசா புதுப்பிக்க மாட்டார்கள் என்ற பயம். ஆஸ்பத்திரிச் செலவு பற்றிய பயம். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, விடுப்பு. அமீரகத்தில் 2022 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி, தகுதிகாண் காலம் முடிந்த ஊழியருக்கு வருடத்துக்கு 90 நாட்கள் வரை நோய் விடுப்பு உண்டு. முதல் 15 நாட்களுக்கு முழுச் சம்பளம், அடுத்த 30 நாட்களுக்கு அரைச் சம்பளம், மீதி 45 நாட்கள் சம்பளமின்றி. மூன்று வேலை நாட்களுக்குள் கம்பெனிக்கு அறிவித்து, மருத்துவ அறிக்கையையும் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் “உடம்பு சரியில்லை” என்று அனுப்பிவிட்டுப் படுத்துக்கொள்வது போதாது. சீட்டு வாங்கி வையுங்கள்.

இரண்டாவது, விசா. இங்கு குடியிருப்பு விசாவுக்காகச் செய்யும் ‘மெடிக்கல்’ முக்கியமாகக் காசநோய், எச்.ஐ.வி. போன்ற தொற்று நோய்களைத் தேடுகிறது. நீரிழிவும் பிரஷரும் விசாவை மறுப்பதற்கான நோய்கள் அல்ல. ஆகவே இவை தெரிந்துவிடுமோ என்று பயந்து ஒளிக்கத் தேவையில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘மெடிக்கல் பாஸ்’ என்றால் உடம்பில் ஒன்றும் இல்லை என்று அர்த்தமல்ல! உங்கள் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் பற்றி அந்தத் தாள் எதையும் சொல்வதில்லை.

மூன்றாவது, செலவு. மருத்துவக் காப்புறுதி அபுதாபியில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், துபாயில் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் கட்டாயமானது. 2025 ஜனவரி 1 முதல் ஷார்ஜா, அஜ்மான் உள்ளிட்ட மற்ற எமிரேட்டுகளிலும் கட்டாயம். அங்கு அடிப்படைத் திட்டத்தின் கட்டணம் வருடத்துக்கு 320 திர்ஹாம் என அறிவிக்கப்பட்டது. அதை முதலாளியே கட்ட வேண்டும். உங்கள் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. அட்டை பர்ஸில் இருந்தும், அது எந்தக் கிளினிக்கில் செல்லும் என்று தெரியாதவர்களே அதிகம். இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற வளைகுடா நாடுகளில் விதிகள் வேறு. அங்கிருப்பவர்களும் தமது அட்டையை ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

வெயிலில் வேலை செய்பவர்களுக்கு

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகெங்கும் 240 கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையில் அளவுக்கு மீறிய வெப்பத்தை எதிர்கொள்கிறார்கள். வேலையிட வெப்பத்தோடு தொடர்புடைய நாட்பட்ட சிறுநீரக நோயுடன் வாழ்பவர்கள் 2 கோடியே 62 லட்சம் பேர் என அது மதிப்பிட்டது. கத்தாரில் 2009 முதல் 2017 வரை இறந்த நேபாளத் தொழிலாளர்கள் பற்றிய ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. இருதய நோயால் இறந்ததாகப் பதிவான 571 பேரில் சுமார் 200 பேரை, தக்க வெப்பப் பாதுகாப்பு இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அதை எழுதியவர்கள் கணக்கிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள் அல்லர். நமது தம்பிமார் வயதினர்.

அமீரகத்தில் நண்பகல் வேலைத்தடை 2005இல் தொடங்கியது. இன்று ஆறு வளைகுடா நாடுகளிலும் இது உண்டு. வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்:

• அமீரகம்: ஜூன் 15 – செப்டம்பர் 15, பகல் 12.30 – 3.00
• சவூதி அரேபியா: ஜூன் 15 – செப்டம்பர் 15, பகல் 12.00 – 3.00
• கத்தார்: ஜூன் 1 – செப்டம்பர் 15, காலை 10.00 – மாலை 3.30
• குவைத்: ஜூன் 1 – ஆகஸ்ட் 31, காலை 11.00 – மாலை 4.00
• ஓமான்: ஜூன், ஜூலை, ஆகஸ்ட், பகல் 12.30 – 3.30
• பஹ்ரைன்: 2025 முதல் ஜூன் 15 – செப்டம்பர் 15, பகல் 12.00 – 4.00

அமீரகத்தில் இதை மீறும் கம்பெனிக்கு ஒரு தொழிலாளிக்கு 5,000 திர்ஹாம் வீதம், அதிகபட்சம் 50,000 திர்ஹாம் வரை அபராதம் உண்டு.

சட்டம் கடிகாரத்தைப் பார்க்கிறது. உடம்போ காற்றின் ஈரத்தையும் பார்க்கிறது. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். ஆகஸ்ட் மாதம் கடலோர நகரங்களில் காலை ஆறு மணிக்கே சட்டை பிழிய நனைந்துவிடும், ஆனால் வியர்வை உலராது. அப்போது 36 பாகை கூட ஆபத்தானது. இதனால்தான் கத்தார் 2021இல் வெப்பம், ஈரம், வெயில், காற்று நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த அளவு 32.1 பாகையைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வெளிவேலையை நிறுத்த வேண்டும்.

லீவு முடிந்து திரும்பிய முதல் வாரம்

இதை எல்லோரும் கவனமாக வாசிக்க வேண்டுகிறோம். வெப்பத்துக்கு உடல் பழக 7 முதல் 14 நாட்கள் எடுக்கும். வெயிலை விட்டு ஒன்றிரண்டு வாரம் விலகி இருந்தாலே அந்தப் பழக்கம் குறையத் தொடங்கும். வெப்பத்தால் நேரும் வேலையிட மரணங்களில் ஏறக்குறையப் பாதி முதல் நாளிலேயே நிகழ்கின்றன என்றும், பெரும்பகுதி முதல் வாரத்துக்குள் நிகழ்கின்றன என்றும் அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை சொல்கிறது.

“பத்து வருஷமா இந்த வெயில்ல நிக்கிறவன், எனக்கென்ன?” என்பவர்தான் இரண்டு மாதம் ஊரில் இருந்துவிட்டு ஜூலையில் திரும்பி வந்து மயங்கி விழுகிறார். புதியவருக்கு முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கொடுத்து, தினமும் ஐந்தில் ஒரு பங்காகக் கூட்ட வேண்டும். லீவு முடிந்து வரும் பழையவருக்கு முதல் நாள் பாதி, பிறகு 60, 80 என ஏற்றி, நான்காம் நாள் முழு வேலை கொடுக்கலாம். ஃபோர்மேனாகவும் சூப்பர்வைசராகவும் இருக்கும் தமிழ் அன்பர்களே, இது உங்கள் கையில் இருக்கிறது.

மேலும் சில குறிப்புகள்:

1. தாகம் எடுக்கும்வரை காத்திராதீர்கள். வெயில் வேலையில் 15–20 நிமிடத்துக்கு ஒரு குவளை தண்ணீர். ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிப்பதும் கூடாது. மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். இருதய, சிறுநீரக நோயாளிகள் தமக்கான அளவை வைத்தியரிடம் கேட்டறியுங்கள்.

2. சிறுநீரின் நிறமே உங்கள் மீட்டர். வைக்கோல் நிறம் நல்லது. தேநீர் நிறம் என்றால் உடனே நிழலுக்கு வந்து குடியுங்கள்.

3. அதிகம் வியர்க்கும்போது தண்ணீரோடு இடையிடையே மோர், லபான் அல்லது ஓ.ஆர்.எஸ். நல்லது. எனர்ஜி டிரிங்க் வேண்டாம்.

4. முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக், புரூஃபென் மாத்திரை போட்டுக்கொண்டு வெயிலில் வேலைக்குப் போகாதீர்கள். உடலில் நீர் வற்றிய நேரத்தில் இவை சிறுநீரகத்தைத் தாக்கும்.

5. ஒருவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்ப அதிர்ச்சி. முதலில் குளிர்விக்க வேண்டும். நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடையைத் தளர்த்தி, உடம்பு முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள். நினைவில்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். அதே நேரம் இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். அமீரகத்தில் 998, சவூதியில் 997, கத்தாரிலும் பஹ்ரைனிலும் 999, குவைத்தில் 112, ஓமானில் 9999.

ஏசி அறையில் இருப்பவர்களுக்கு

“நாங்கள் ஆபீசில்தானே இருக்கிறோம்” என்று நிம்மதி அடைய வேண்டாம். வெயிலில் இருப்பவரை வெப்பம் தாக்குகிறது என்றால், நாற்காலியில் இருப்பவரைச் சீனி வருத்தம் தாக்குகிறது. எமது ஊரில் சீனி வருத்தம், தமிழ்நாட்டில் சுகர். பெயர்தான் வேறு. குவைத்தில் வயது வந்தவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு நீரிழிவு என 2021இல் சர்வதேச நீரிழிவு சம்மேளனம் மதிப்பிட்டது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என 2023இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. அந்த உடம்பை இந்தச் சூழலுக்குக் கொண்டுவந்திருக்கிறோம்!

ஆனால் நல்ல செய்தியும் நம்மூரிலிருந்தே வந்திருக்கிறது. சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரனும் அவரது குழுவினரும் நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருடங்கள் பின்தொடர்ந்தார்கள். வெறும் பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. தினமும் அரைமணி நேர நடை, உணவில் மாற்றம் என்று தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. மாத்திரை கொடுத்த குழுவில் கிடைத்த பலனும் ஏறக்குறைய இவ்வளவுதான். இது 2006இல் வெளியானது. பிறகு வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேரிடம் வேறொரு முயற்சி செய்தார்கள். ஒரு பாதியினரின் கைத்தொலைபேசிக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகளை அடிக்கடி அனுப்பினார்கள். இரண்டு வருட முடிவில், செய்தி பெறாதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு நீரிழிவு, பெற்றவர்களில் 18 பேருக்கு மட்டுமே. 2013இல் வெளியான முடிவு இது. தினம் பத்து ‘குட் மார்னிங்’ படம் அனுப்பும் நமது வாட்ஸ்அப் குழுக்கள் இதைச் செய்ய முடியாதா?

மருத்துவர் என்ற முறையில் நாம் கேட்பது இவ்வளவுதான். 30 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் வருடம் ஒரு முறை பிரஷர், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரக கிரியேட்டினின் பாருங்கள். பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் என்றால் ஊர் லீவுக்குக் காத்திருக்காதீர்கள். ஓர் அளவு நாடாவும் உதவும். இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் எச்சரிக்கை.

சூப்பர் மார்க்கெட்டிலும் துணிக்கடையிலும் நின்றே வேலை செய்பவர்களுக்கு வேறு துன்பம். காலில் நரம்பு சுருளுதல், குதிகால் வலி, கழிவறைக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து வரும் சிறுநீர்த் தொற்றும் கல்லும். தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுப்பதைக் கட்டாயமாக்கினார்கள். இங்கு அமீரகச் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் குறைந்தது ஒரு மணி நேர இடைவேளை கொடுக்க வேண்டும் என்கிறது.

மெஸ் சாப்பாடும் தூக்கமும்

இரவு பதினொரு மணிக்கு டூட்டி முடிந்து, ஒரு தட்டுச் சோறு, மேலே ஒரு பெப்சி, உடனே படுக்கை. பல கேம்ப்களின் நிலைமை இது. சோற்றைக் கைவிடச் சொல்லவில்லை. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, மீன் அல்லது முட்டை, கால் பங்கு சோறு அல்லது குபூஸ் என்று மாற்றிப் பாருங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ஒரே வேளையில் வேண்டாம். ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். கரக் சாய் நாளைக்கு ஐந்து என்றால் சீனி எத்தனை கரண்டி என்று எண்ணிப் பாருங்கள். சுலைமானி சீனியில்லாமல் குடிக்கப் பழகலாம்.

தூக்கம் மனதையும் சேர்த்துக் கெடுக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, அழுகை வருகிறது என்றால் அதுவும் நோயே. அதற்கும் வைத்தியம் உண்டு. ஊரிலிருந்து யாராவது கொண்டுவரும் தூக்க மாத்திரை, வலி மாத்திரைகளை வாங்கி விழுங்காதீர்கள். டிரமடால், கோடீன் போன்றவை அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். முன் அனுமதியின்றிக் கொண்டுவந்தால் மருந்தே வழக்காகிவிடும்.

முதலாளிமாருக்கும் குடும்பத்தலைவிகளுக்கும்

எமது சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்த பல லட்சம் மக்களில் நாமும் இருந்தோம். அப்போது மருத்துவ மாணவர். பாடசாலைக் கட்டடங்களிலும் மரநிழலிலும் தங்கியிருந்தவர்களுக்குக் கொடுக்க எம்மிடம் மருந்து அதிகம் இருக்கவில்லை. கொதித்தாறிய தண்ணீர், ஒழுங்கான மலசலகூடம், மழைக்கும் வெயிலுக்கும் ஒரு கூரை. இவை கிடைத்த இடங்களில் நோய் குறைந்தது. கிடைக்காத இடங்களில் குழந்தைகள் வயிற்றோட்டத்தில் துவண்டார்கள். புத்தகத்தில் படித்ததைவிட ஆழமாக அன்று மனதில் பதிந்தது, உடல்நலம் என்பது பெரும்பாலும் மருந்துக்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பதுதான்.

உணவகம், கிராசரி, தையற்கடை, காண்ட்ராக்ட் என்று சிறு தொழில் நடத்தும் தமிழர்கள் நம்மிடையே பலர். உங்களுக்குப் பெரிய வெல்னெஸ் திட்டம் தேவையில்லை. குளிர்ந்த தண்ணீர், நிழல், உட்கார ஓர் இருக்கை, பூட்டாத கழிவறை, ஒரு பிரஷர் கருவி, ஒரு சர்க்கரை கருவி, மாதம் ஒரு நாள் எல்லோருக்கும் பார்த்து அவரவர் கையிலேயே எழுதிக் கொடுக்க ஒரு சிறு நோட்டு. அந்த எண்கள் ஊழியருக்கு உரியவை. அதைக் காட்டி ஒருவரை வேலையிலிருந்து அனுப்புவதானால், அடுத்த மாதம் யாரும் கையை நீட்ட மாட்டார்கள்.

சமையலறை அடுப்படியும் வெயில்தான் என்பதை உணவக முதலாளிமார் மறக்க வேண்டாம். அங்கு நண்பகல் தடை இல்லை, ஃபேன்தான் உண்டு.

குடும்பத்தலைவிகளுக்கும் ஒரு வார்த்தை. நமது வீட்டில் சமைப்பவர், பிள்ளையைப் பார்ப்பவர், கார் ஓட்டுபவர் இருந்தால் நமது வீடும் ஒரு வேலைத்தளம்தான். அவர் எத்தனை மணிக்குப் படுக்கிறார், எங்கே படுக்கிறார், கடைசியாக எப்போது வைத்தியரைப் பார்த்தார் என்று நமக்குத் தெரியுமா? அமீரகத்தின் வீட்டுப் பணியாளர் சட்டமும் நாளொன்றுக்கு 12 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் தொடர்ச்சியாக, என்கிறது.

ஒரே ஒரு கேள்வி

கணவர் சைட்டிலும் மனைவி பிள்ளைகள் வேறிடத்திலுமாக வாழும் குடும்பங்கள் தினமும் தொலைபேசியில் பேசிக்கொள்கின்றன. “சாப்பிட்டீங்களா?” என்று கேட்காத நாள் இல்லை. அதோடு மாதம் ஒரு முறை, “பிரஷர் எவ்வளவு, சுகர் எவ்வளவு?” என்றும் கேளுங்கள். “நல்லாத்தான் இருக்கேன்” என்ற பதிலை ஏற்காதீர்கள். எண்ணைக் கேளுங்கள். எண் தெரியவில்லை என்றால், பார்க்கவில்லை என்று அர்த்தம்.

நமது சங்கத்து உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். கோடை தொடங்கும் முன், ஒரு விடுமுறை நாள் மாலையில், உங்களிடம் உள்ள பிரஷர் கருவியோடு பக்கத்திலுள்ள ஒரு கேம்ப்புக்கு அனுமதி பெற்றுப் போய் வாருங்கள். போகும்போது பலகாரம் கொண்டுபோகும் வழக்கம் நமக்கு உண்டு. இம்முறை அதற்குப் பதிலாகப் பழமும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் கொண்டுபோங்கள். அங்கே யாராவது “ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்” என்று சொன்னால், அவரை அங்கேயே உட்காரவைத்துக் கையை நீட்டச் சொல்லுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம். நலமே வாழ்க.